அப்பாவின் மூலைமட்டமும் ஒரு வெள்ளிப் பதக்கமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ராஜபாளையத்தில் வெள்ளிக்கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மதுரையில் மொத்தமாக வாங்கிய உடைசல் வெள்ளிக்குள் ஒரு பதக்கம் கிடந்ததாம். "டீச்சர், பார்த்தா சர்ச் சிலுவை மாதிரி இருக்கு. நடுவுல றெக்கை வச்ச ஒரு உருவம். இந்தப் பக்கம் 1914, அந்தப் பக்கம் 1918. இது என்னன்னு தெரியுமா? இல்ல, உருக்கிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

அதே படத்தை நம் பழைய மாணவர் குழுவிலும் போட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் ஒரு வாண்டு, "இல்லுமினாட்டி டீச்சர்! வீட்டுக்குள்ள வைக்காதீங்க!" என்று எழுதிவிட்டது. வாண்டுக்கு இப்போது நாற்பது வயது.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலுவையும் உருவமும் அப்புறம்தான் கண்ணில் பட்டன. முதலில் கண் போய் நின்ற இடம், பதக்கத்தை ரிப்பனோடு இணைக்கும் மேல்துண்டு. அதில் ஒரு மூலைமட்டம், ஒரு கவராயம், பாகை குறித்த ஒரு வில். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் எனக்கு நினைவு வந்தது ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லை. எங்கள் அப்பாவின் சாக்குப்பை. அப்பா கொத்தனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கரண்டி, மணியாசுக் கட்டை, மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருக்கும். ரசமட்டத்தை மட்டும் பழைய துண்டில் சுற்றி வைப்பார். எங்கள் வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

கொத்தனாரின் மூலைமட்டம் ஒரு வெள்ளிப் பதக்கத்தில் ஏன் வந்தது? பேரன் உதவியோடு இரண்டு வாரம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

கட்டாத கொத்தனார்கள்

இது ஃப்ரீமேசன்கள் என்ற சங்கத்தாரின் பதக்கம். மேசன் என்றால் கொத்தனார். ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்களும் கொத்தனார்களும் வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக் கொள்வார்கள். அதற்குப் பெயர் லாட்ஜ். (நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை வாடகைக்கு விடும் இடம். இது வேறு.) பிற்காலத்தில் அந்தக் கொத்தனார் வழக்கங்களை எடுத்துக்கொண்டு, கரண்டியே பிடிக்காத பிரபுக்களும் வணிகர்களும் ராணுவ அதிகாரிகளும் ஒரு சங்கமாகக் கூடினார்கள். 1717-இல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து ஒரு தலைமை லாட்ஜை அமைத்தன என்று அவர்களுடைய வரலாறு சொல்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியோடு சங்கமும் இங்கே கப்பலேறி வந்தது. 1730-இல் கல்கத்தாவில் முதல் லாட்ஜ். 1752-இல் சென்னையில். சென்னையில் இருக்கும் பிள்ளைகளே, மெரினாவில் கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளை நிற டி.ஜி.பி. அலுவலகத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1839-இல் ஃப்ரீமேசன்களுக்காகக் கட்டப்பட்ட கட்டடம். போலீஸ் இலாகா முதலில் வாடகைக்கு எடுத்து, பிறகு 1874-இல் விலைக்கே வாங்கிக்கொண்டது. இன்றும் எழும்பூர் எத்திராஜ் சாலையில் அவர்களுக்கு ஒரு மாளிகை இருக்கிறது. 1961-இல் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு தலைமை லாட்ஜும் ஏற்பட்டுவிட்டது.

ஆக, இது பூமிக்கடியில் ஒளிந்திருக்கும் கூட்டம் இல்லை. வாண்டு சொன்ன இல்லுமினாட்டி வேறு. அது 1776-இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்குள் அந்த நாட்டு அரசு அதைத் தடை செய்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வரும் ஃபார்வர்டுகளைத் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

கழுத்தில் தொங்கும் கருவிகள்

இவர்கள் பதக்கத்தை 'ஜூவல்' என்று சொல்வார்கள். கல் பதித்திருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் வெறும் வெள்ளிதான். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பதவிக்காகக் கழுத்துப்பட்டையில் தொங்குவது. பதவிக்காலம் முடிந்ததும் அடுத்தவருக்குப் போய்விடும். இன்னொன்று, நன்கொடை, சேவை, ஏதாவது ஒரு நிகழ்ச்சி ஆகியவற்றின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்வது. இது அவரவருக்குச் சொந்தம்.

பதவிப் பதக்கங்களைப் பார்த்தால் அப்பாவின் சாக்குப்பையைக் கொட்டியது போலவே இருக்கும். லாட்ஜின் தலைவருக்கு மூலைமட்டம். அடுத்த நிலையில் இருப்பவருக்கு மட்டம். அவருக்கும் அடுத்தவருக்குத் தூக்குநூல். பொருளாளருக்குச் சாவி, செயலாளருக்குக் குறுக்காக வைத்த இரண்டு பேனா, கதவுக்கு வெளியே காவல் நிற்பவருக்கு வாள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். மூலைமட்டம்: நடத்தை கோணாமல் இருக்க வேண்டும். தூக்குநூல்: மனிதன் சாயாமல் நேராக நிற்க வேண்டும். கவராயம்: ஆசைக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். மட்டம்: மனிதர் எல்லாரும் சமம்.

இந்தக் கடைசிப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி இதற்குத்தான் வரப்போகிறேன்.

அதற்கு முன் என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு இனிப்பு. தலைவராக இருந்து இறங்கியவருக்கு இங்கிலாந்து முறையில் ஒரு பதக்கம் தருகிறார்கள். அதில் ஒரு மூலைமட்டம், அதற்குள் தொங்கும் சிறு வெள்ளித் தகடு. தகட்டில் செதுக்கியிருப்பது யூக்ளிட் எழுதிய முதல் புத்தகத்தின் 47-ஆவது தேற்றம். எது தெரியுமா? செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் மேல் வரையும் சதுரம், மற்ற இரண்டு பக்கங்களின் மேல் வரையும் சதுரங்களின் கூடுதலுக்குச் சமம். உங்களை அழவைத்த அதே பிதாகரஸ்தான்!

அப்பா பிதாகரஸ் பெயரைக் கேள்விப்பட்டவர் இல்லை. ஆனால் வானம் தோண்டக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நான்கு அடி அளந்து புள்ளி வைப்பார். குறுக்கே சரியாக ஐந்து அடி வந்தால்தான் மூலை மூலையாக இருக்கும். வராவிட்டால் முளைக்குச்சியைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. அப்பா தரையில் கயிறு கட்டிச் செய்த வேலையைத்தான் அவர்கள் வெள்ளியில் செதுக்கி மாட்டிக்கொண்டார்கள்.

நம் கைக்கு வந்த பதக்கம்

இனி ராஜபாளையத்துப் பதக்கத்துக்கு வருகிறேன். இதன் பெயர் ஹால் ஸ்டோன் ஜூவல்.

முதல் உலகப் போர் முடிந்ததும், போரில் இறந்த தங்கள் உறுப்பினர்களுக்கு நினைவுச்சின்னமாக லண்டனில் ஒரு மாளிகை கட்ட இங்கிலாந்து ஃப்ரீமேசன்கள் முடிவு செய்தார்கள். பத்து லட்சம் பவுன் திரட்டுவது இலக்கு. 10 கினி அல்லது அதற்கு மேல் கொடுத்தவருக்கு வெள்ளிப் பதக்கம், 100 கினி கொடுத்தவருக்குத் தங்கப் பதக்கம். ஒரு லாட்ஜின் உறுப்பினர்கள் சராசரியாக ஆளுக்கு 10 கினி கொடுத்திருந்தால், அந்த லாட்ஜுக்கே தனியாக ஒரு பதக்கம். அதை அதன் தலைவர் கழுத்தில் அணிவார்.

10 கினி என்றால் பத்தரைப் பவுன். ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று மாற்று விகிதம் இருந்த காலம் அது. ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள், 140 ரூபாய் வரும். அந்தக் காலத்து 140 ரூபாய்!

மொத்தம் 53,224 பேருக்குப் பதக்கம் போயிருக்கிறது. உள்நாடு வெளிநாடு சேர்த்து 1,321 லாட்ஜ்கள் தகுதி பெற்றன. மாளிகைக்கு 1927-இல் அடிக்கல் நாட்டி, 1933-இல் திறந்தார்கள். லண்டனில் கிரேட் குயின் தெருவில் இன்றும் இருக்கிறது.

பதக்கத்துக்கென்று ஒரு போட்டி வைத்தார்கள். அதில் சிரில் ஸ்பேக்மன் என்ற கலைஞரின் வடிவம் தேர்வானது. சிலுவை வடிவம் தியாகத்தைக் குறிக்கிறது. அதன் நான்கு முனைகளும் சரியான சதுரங்கள். இடமும் வலமும் போரின் ஆண்டுகள். நடுவில் றெக்கை விரித்த அமைதியின் உருவம், கையில் ஒரு கோயிலை ஏந்தி நிற்கிறது. அந்தக் கோயிலுக்குத் தூண்கள், முகமண்டபம், படிக்கட்டு எல்லாம் உண்டு. மேலே கொத்தனார் கருவிகள். இத்தனையும் சேர்த்துப் படித்தால், "இறந்தவர்களுக்காக இந்தக் கட்டடத்தை அமைதிக்கு எழுப்பினோம்" என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். எழுத்தே இல்லாமல் படங்களாலேயே எழுதிய வாக்கியம். சின்னம் என்பதன் வேலையே அதுதானே. கோபுரம் போட்ட தமிழக அரசு முத்திரையைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்கு நெஞ்சு நிமிர்வதும் இதனால்தான்.

பின்பக்கத்தில் வாங்கியவர் பெயரையும் லாட்ஜ் எண்ணையும் பொறிப்பது வழக்கம். நம் பதக்கத்தில் அது தேய்ந்து போயிருக்கிறது. யாரோ ஒருவர் 140 ரூபாய் கொடுத்து வாங்கி, பல வருடம் துடைத்துத் துடைத்து அணிந்திருக்கிறார்.

மட்டம் நம் மண்ணில் சரியாக நின்றதா?

மட்டம் என்றால் எல்லாரும் சமம் என்று பார்த்தோம். வெள்ளைக்காரர் ஆண்ட நாட்டில், வெள்ளைக்காரர் சங்கத்தில், அந்தப் பாடம் எவ்வளவு தூரம் நடந்தது? நான் இரண்டு வாரம் தூங்காமல் படித்தது இதைத்தான்.

முதல் கதை திருச்சியில். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா. 1775-இல் திருச்சியில் இருந்த லாட்ஜில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தியர் ஒருவர் சேர்ந்ததாகப் பதிவாகியுள்ள முதல் நிகழ்ச்சி இதுதான் என்கிறார்கள். லண்டன் தலைமை லாட்ஜுக்கு ஒரே மகிழ்ச்சி. அலங்கரித்த ஓர் ஏப்ரனையும், அழகாகக் கட்டடம் செய்த விதிமுறைப் புத்தகத்தையும் வாழ்த்துக் கடிதத்தோடு அனுப்பினார்கள். (ஏப்ரன் என்பது கொத்தனார் இடுப்பில் கட்டும் தோல் துணி. அதையும் இவர்கள் பட்டாக்கிவிட்டார்கள்.) 1780 தொடக்கத்தில் இளவரசரின் பதில் போய்ச் சேர்ந்தது. தோல்தாளில் பாரசீக மொழியில் எழுதி, பொன்சரிகைத் துணி உறையில் வைத்த கடிதம். அதை அங்கே சட்டம் போட்டு மாட்டி வைத்தார்களாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த இளவரசர் பிறகு நவாப் ஆனார். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு, அவரோடு நவாப் வீட்டார் ரகசியக் கடிதம் நடத்தினார்கள் என்று கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலையில் உம்தத்-உல்-உமரா சேப்பாக்கம் அரண்மனையில் மரணப்படுக்கையில் கிடந்தபோது, கம்பெனிச் சிப்பாய்கள் அரண்மனையைச் சுற்றி நின்றார்கள். அவர் கண்ணை மூடிய அதே மாதத்தில் கர்நாடக ராஜ்யம் கம்பெனி கைக்குப் போனது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் அடங்கிய திருநெல்வேலிச் சீமையும் அதில் சேர்த்திதான். ஏப்ரன் அனுப்பியவர்களும் சிப்பாய் அனுப்பியவர்களும் ஒரே ஆட்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சகோதரர் என்று சொல்லிக் கொடுத்த ஏப்ரன் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை.

இரண்டாவது கதை பம்பாயில். மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெரியவர் ஃப்ரீமேசனாக விரும்பினார். பம்பாயில் கதவு திறக்கவில்லை. மனிதர் பாரிஸில் சேர்ந்துவிட்டு ஊர் திரும்பினார்! அப்போதும் பம்பாய் வெள்ளையர் லாட்ஜில் இடமில்லை. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைப் பார்த்து, இந்தியர்களுக்காகவே 1843 டிசம்பரில் 'ரைசிங் ஸ்டார்' என்ற லாட்ஜைத் தொடங்கினார். பார்சிகளும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்தார்கள். இங்கேதான் நம் பாடப்பொருள் வருகிறது. அந்த லாட்ஜ் ஏற்பட்டதன் நினைவாக ஒரு பதக்கம் அடித்தார்கள். இங்கிலாந்து நாணயங்களுக்கு அச்சு வெட்டிய வயன் குடும்பத்தின் கைவேலை அது. வடிவத்தின் அழகுக்காக அதைச் சேகரிப்பவர்கள் உண்டு. எனக்கோ, மூடியிருந்த ஒரு கதவு திறந்ததற்காக அடித்த பதக்கம் என்பதுதான் அதன் அழகு.

மூன்றாவது கதை கல்கத்தாவில். பிரசன்ன குமார் தத்தர் என்ற வங்காள இந்து 1863-இல் விண்ணப்பித்தார். ஆசியர் யாரையும் சேர்க்க வேண்டுமானால் மேலிடத்து அனுமதி வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. இந்துக்களுக்குப் பல தெய்வங்கள். இவர்கள் எப்படி ஒரே இறைவன் மேல் உறுதி சொல்வார்கள்? சாதி பார்ப்பவர்கள், இவர்கள் எப்படி எல்லாரையும் சகோதரர் என்பார்கள்? இப்படியெல்லாம் தடை சொன்னார்கள். தத்தர் விடவில்லை. லண்டன் வரை எழுதினார். ஒன்பது வருடம்! 1872-இல் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் திறந்த வழியில், அதே லாட்ஜில், 1884-இல் நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தார். அவரை நீங்கள் சுவாமி விவேகானந்தர் என்று அறிவீர்கள்.

சாதியைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. கேட்டவர்களின் உள்நோக்கம் வேறாக இருக்கலாம். கேள்வி பொய்யில்லையே. லாகூரில் இளம்வயதில் ஃப்ரீமேசனான கிப்ளிங், தன் லாட்ஜைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வெளியே பதவி பார்த்து வணங்கிக்கொண்ட பல மதத்தார் உள்ளே சகோதரர்களாகப் பழகியதை அதில் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பங்கம் வரும் என்று சேர்ந்து விருந்து சாப்பிட மட்டும் முடியாது என்பதும் அதே கவிதையில் வருகிறது. மட்டத்தை வெள்ளைக்காரர் ஒருபக்கம் சாய்த்தார் என்றால், நாம் இன்னொரு பக்கம் சாய்த்திருந்தோம்.

பெண்கள்? எனக்கு அந்தச் சங்கத்தில் அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை. ஆண் பெண் இருவரையும் சேர்க்கும் தனிச் சங்கம் ஒன்று பிரான்சில் தோன்றியது. அதை இங்கிலாந்துக்கும் பிறகு இந்தியாவுக்கும் கொண்டு வந்தவர் நம் அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். பழைய சங்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்பாவின் மட்டம்

இவ்வளவு படித்த பிறகு எனக்குள் கிடந்த ஒரு பழைய நினைவைச் சொல்லத் தோன்றுகிறது. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது அப்பா ஒரு வீடு கட்டினார். எட்டு மாத வேலை. அம்மா அங்கேயே சித்தாள். பால் காய்ச்சும் அன்று என்னையும் கூட்டிப் போனார்கள். வீட்டுக்காரர் அப்பாவுக்கு வேட்டி துண்டு கொடுத்தார். கூடத்தில் பந்தி நடந்தது. எங்களுக்கு மட்டும் பின்கட்டில், கிணற்றடியில் இலை போட்டார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை, சாப்பிட்டார். திரும்பி வரும்போது நான் அழுதேன். அவர் சொன்னது: "கூடத்துத் தரையை நான்தான் மட்டம் பார்த்தேன். ஒரு நூல்கூட ஏத்த இறக்கம் கிடையாது. அது போதும், நட."

எனக்கு அது போதவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பறைக்குள் போன முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் கலந்து ஒரே வரிசையில் உட்கார வைத்தேன். மதிய உணவுக்கும் அதே வரிசை. சில பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். எதற்கு இந்த டீச்சர் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று உங்களில் சிலர் அன்று யோசித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

மட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது சுலபம். இந்தச் சங்கத்தாரை மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் சமம் என்று மேடையில் பேசி, பாடத்தில் எழுதி, சுவரில் மாட்டி வைத்திருக்கும் நம் எல்லாரையும்தான் சொல்கிறேன். கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும். தத்தர் ஒன்பது வருடம் செய்தது அதைத்தான். "உங்கள் மட்டத்தை இங்கே வைத்துக் காட்டுங்கள்" என்றார்.

கடைக்காரத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: "உருக்காதே ராசா. இங்கிலாந்து முத்திரை இருக்கான்னு பாரு. நடக்குற சிங்கம் இருந்தா சுத்தமான ஸ்டெர்லிங் வெள்ளி, நூத்துக்குத் தொண்ணூத்திரண்டரை. ஆனா அதோட விலை எடையில இல்ல." சிங்கம் இருந்ததாம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பரணிலிருந்து அப்பாவின் மூலைமட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். துரு ஏறியிருக்கிறது. மூலை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்த படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

பதக்கத்தைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறாராம், விற்பனைக்கு இல்லை என்று எழுதி. ராஜபாளையம் பக்கம் போனால் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா பெட்டியில், இப்படி ஏதாவது பழைய பதக்கமோ முத்திரையோ இருந்தால் உருக்குவதற்கு முன் ஒரு படம் அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம். அப்புறம் ஒன்று. புது வீடு கட்டிப் பால் காய்ச்சும் பிள்ளைகள், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூடத்திலேயே இலை போடுங்கள். உங்கள் டீச்சருக்குச் செய்யும் மரியாதையாக அதை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.